தெருக்குத்து வீட்டின் மனு

தெருக்குத்து வீட்டை யாராவது ஆசைப்பட்டு வாங்குவார்களா? அபிதகுசாம்பாள் வாங்கினாள். தெரு நேராக ஓடிவந்து வாசலில் முட்டுகிற வீடு ஆகாது, குடும்பத்துக்குக் கேடு, கேடு வராவிட்டாலும் தீராத வயிற்று வலியாவது வரும் என்று ஆரணியில் சொல்லாத ஆள் கிடையாது. தங்கம் அவென்யூ என்ற புது மனைப்பிரிவில் மற்ற மனைகள் விற்றுப் போன பிறகும் கடைசி மனையில் கட்டிய அந்த வீடு மட்டும் இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. பார்க்க வருகிறவர்களைப் புரோக்கர் பக்கத்துச் சந்து வழியாகவே கூட்டிப் போவாராம், தெரு முட்டுவது கண்ணில் படக் கூடாதென்று. அபிதா அந்தச் சந்துக்கே போகவில்லை. (முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் ஊர் அவளை அபிதா என்றுதான் கூப்பிடும்.) தெருவின் நடுவில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட் வரைக்கும் கோடு பிடித்துப் பார்த்தாள். வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை, வீட்டைத் தாண்டி வழியில்லாததால் வண்டிப் போக்கும் இல்லை. இந்த வீடுதான் வேண்டும் என்றாள். வீட்டில் தனக்கே தெரியாத புதையல் ஏதாவது இருக்கிறதோ என்று புரோக்கருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

புதையல் தெருவில்தான் இருந்தது. அபிதாவும் அவள் புருஷன் வீரபாகுவும் பட்டு நெய்கிறவர்கள். மூன்று புடவைக்கான பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், அதை ஒரே நீளமாகத் தெருவில் நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்து, காயவைத்துச் சுருட்ட வேண்டும். எழுபதடி நேர்த்தெரு வேண்டும், இரண்டு முனையிலும் அசையாமல் இழுத்துப் பிடிக்க ஏதாவது வேண்டும், விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரம் யாரும் குறுக்கே வராமலிருக்க வேண்டும். பழைய தெருவில் இதற்கு முறை போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த முறையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதில் அபிதாவுக்கு நான்கு வீட்டோடு பேச்சு வார்த்தை கிடையாது. இங்கே தெருவே தன் வாசலில் வந்து முட்டுகிறது. கிரகப்பிரவேசத்தன்று பழைய தெருக்காரிகளைப் பந்தியில் உட்கார வைத்து, "இனிமே பாவு நீட்ட ஒருத்தரையும் கெஞ்ச வாணாம்" என்று அவள் சொன்னது, வந்தவர்களுக்குப் பாயசத்தைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு முனைக்கு அவர்கள் வீட்டு கேட் தூண் இருந்தது. மறுமுனைக்காக எழுபதடி தள்ளித் தெருவோரமாக ஒரு கருங்கல்லை வீரபாகு நட்டார். வலப்பக்க வீட்டு ஜெகநாதன் சாரிடமும் இடப்பக்க வீட்டு தீபாவிடமும் கேட்டுக்கொண்டுதான் நட்டார். ஜெகநாதன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கம் அவென்யூ நலச்சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தில் மொத்தம் பதினொரு வீடு. தலைவர் என்ற சொல்லுக்கு அது போதும். தீபா தனியார் பள்ளியில் டீச்சர். இந்தத் தெருவில் இந்த மூன்று வீடுதான், மற்ற வீடுகள் அடுத்த தெருக்களில்; மீதியெல்லாம் காலி மனை. கல் நட்டு முதல் பாவு நீட்டியபோது தீபா அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். அபிதா இரண்டு நாளைக்குத் தரையில் கால் படாமல் நடந்தாள்.

ஆடி கழிந்த வாரம் அந்த மஞ்சள் வேன் வந்தது.

ஒரு காலத்தில் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு ஓடிய வேன். பெயரைச் சுரண்டியிருந்தார்கள், ஆனால் ‘குழந்தைகள் ஜாக்கிரதை’ மட்டும் பின்னால் மிச்சமிருந்தது. உள்ளே சீட்டுகளைக் கழற்றிவிட்டு எல்லப்பன் என்பவரும் அவர் மனைவி காசியம்மாளும் குடியிருந்தார்கள். குக்கர், மிக்சி, கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிற தொழில். காலையில் மைக் போட்டுக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போவார்கள், சாயங்காலம் திரும்பி வருவார்கள். தங்கம் அவென்யூவில் பொதுக் குழாயும் தெருவிளக்கும் ஒரே இடத்தில் இருந்தன. அந்த இடம் அபிதாவின் கேட்டுக்கும் கல்லுக்கும் நட்டநடுவே இருந்தது. வேன் அங்கேதான் நின்றது.

முதல் நாள் ஏதோ வண்டி என்று விட்டார்கள். மூன்றாம் நாள் வேனிலிருந்து தெருவிளக்குக் கம்பத்துக்குக் கொடி கட்டிப் புடவை காய்ந்தது. ஐந்தாம் நாள் இரண்டு நீல டிரம் இறங்கியது. எட்டாம் நாள் ஒரு கயிற்றுக் கட்டில். சங்கத்தின் வாட்ஸ்அப் குழு அதுவரை காலை வணக்கம் படங்களாலேயே உயிர் வாழ்ந்தது. அதற்கு இப்போது புது ரத்தம் பாய்ந்தது. இவர்கள் எங்கே குளிக்கிறார்கள்? கக்கூசுக்கு எங்கே போகிறார்கள்? பகலில் ரிப்பேர் என்று வீட்டுக்குள் வந்து நோட்டம் விட்டுப் போனால்? நாளைக்கு ஒரு வேன் பத்து வேன் ஆனால் மனை விலை என்ன ஆகும்? கக்கூஸ் கேள்விக்கு மட்டும் உடனே பதில் கிடைத்தது: பெட்ரோல் பங்குக்குப் போகிறார்கள் என்று தீபா கண்டுபிடித்துச் சொன்னாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய குக்கர் கைப்பிடியைக் காசியம்மாள்தான் மாற்றிக் கொடுத்திருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

அபிதாவுக்கு மனை விலையும் கக்கூசும் பெரிதில்லை. பாவுதான் பெரிது. அடுத்த பாவு நீட்டுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் போய், விடிவதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். காசியம்மாள் அடுப்பில் கண் வைத்தபடியே தலையாட்டினாள். விடிந்தது. பாவு ஓட்டுகிற முருகேசனும் அவர் ஆட்கள் மூவரும் வந்துவிட்டார்கள். கஞ்சி தயார். வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லப்பன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேட்டரி பேஜார் பண்ணுகிறது என்றார். ஊரிலுள்ள குக்கரையெல்லாம் ரிப்பேர் செய்கிறவருக்குத் தன் வண்டி ரிப்பேராகாது என்பது என்ன நியாயமோ. கடைசியில் முருகேசனும் ஆட்களுமே வேனைத் தள்ளினார்கள். பாவை நீட்டும்போது மணி எட்டரை. வெயில் ஏறி, கஞ்சி ஓடாமல் திப்பித் திப்பியாக ஒட்டி, இழை படபடவென்று அறுந்தது. அந்தப் பாவை நெய்து முடிப்பதற்குள் வீரபாகு தறியில் உட்கார்ந்து முடிச்சுப் போட்ட நேரம், நெய்த நேரத்தைவிட அதிகம். அன்று மாலையே வேன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது, ஒரு குலுக்கல் இல்லாமல், முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகி.

அன்றைக்கே அபிதா ஜெகநாதன் சார் வீட்டுக்குப் போனாள். நகராட்சிக்கு மனு எழுதுவோம் என்றாள்.

சார் மனு எழுதுவதில் பிரியமுள்ளவர். வேலையிலிருந்தபோது வந்த மனுக்களை அவர் எத்தனை நாள் வைத்திருந்தார் என்பது வேறு கதை. ‘வாகனத்தில் குடியிருப்போரை அப்புறப்படுத்தக் கோருதல்’ என்று தலைப்புப் போட்டார். தீபா பிழை திருத்தினாள். அபிதாவுக்குத் திருப்தியில்லை. "ஆளை எடுன்னு மட்டும் போட்டா, ஆளு போயிடுவாங்க சார், டிரம்மும் கட்டிலும் இங்கியே கெடக்கும். நாளிக்கு டிரம்முக்குத் துணையா ஆளு வந்துடுவாங்க. ரோட்டு மேல இன்னா இன்னா இடைஞ்சலா கீதோ, எல்லாத்தையும்னு போடுங்க."

"எல்லாத்தையும்னா?" என்றார் சார்.

"எல்லாத்தையுந்தான்."

போட்டார். ‘மேற்படி தெருவில் பொதுப் பாதைக்கு இடையூறாக நிறுத்தப்பட்ட, வைக்கப்பட்ட, நடப்பட்ட அனைத்தையும்’ என்று சார் தன் கைச்சரக்கையும் சேர்த்துப் போட்டார். ‘நடப்பட்ட’ என்பது வேன்காரர்கள் கொடி கட்ட ஊன்றியிருந்த மூங்கிலுக்காக. முதல் கையெழுத்தை யார் போடுவது என்று எல்லோரும் பேனாவைப் பார்த்தார்கள். அபிதா போட்டாள். முழுப்பெயரையும் போட்டாள், இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து அடுத்த வரியில் இறங்கியது.

இதற்கிடையில் தறியிலிருந்த பாவு முடிகிற கட்டத்துக்கு வந்தது. கூலிக்கு நெய்யக் கொடுக்கிற பட்டு முதலாளி அடுத்த பாவுக்கு நூலைக் கொடுத்தனுப்பியிருந்தார்: ஒரே கல்யாணத்துக்கு மூன்று முகூர்த்தப் புடவை. வெள்ளிக்கிழமை பாவு நீட்டி, சனிக்கிழமை தறியில் ஏற்றிவிட வேண்டும், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு வீடு இருக்கிறது என்று போனில் சொன்னார். முருகேசனுக்கும் வெள்ளியை விட்டால் பத்து நாளைக்கு வேறு தெருக்களில் வேலை. அதனால் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் அபிதா மலைபோல நம்பியிருந்தாள். ஆபீஸிலிருந்து புதன்கிழமை ஆள் வருகிறார்கள் என்று சார் சொன்னபோது, கற்பூரம் வாங்கி வந்து வைத்தாள்.

புதன் பதினோரு மணிக்கு அதிகாரி ஒருவர் இரண்டு ஆட்களோடும் ஒரு கடப்பாரையோடும் வந்தார். அன்றைக்கென்று எல்லப்பன் வெளியூர் போகவில்லை. அதிகாரி மனுவை வாய்விட்டுப் படித்தார், கையெழுத்துப் பெயர்களையும் சேர்த்து. அபிதகுசாம்பாள் என்ற பெயரை அவர் இரண்டாம் தரம் தட்டுத்தடுமாறிப் படித்தபோது காசியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

எல்லப்பன் வண்டிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ், வரி கட்டிய ரசீது. எல்லாம் நடப்பில் இருந்தன. தங்கம் அவென்யூவில் எத்தனை கார்களுக்கு அப்படி இருக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வண்டியைப் பிடித்துப் போக வழியில்லை, வீடுகளுக்கு முன்னாலிருந்து நகர்த்தச் சொல்லலாம், அவ்வளவுதான் என்றார் அதிகாரி. எல்லப்பன் வேனின் பின்கதவைத் திறந்தார். டிரம்மும் கட்டிலும் ஏறின. மூங்கிலும் ஏறியது. வேன் எழுபதடியைத் தாண்டி, காலி மனைகள் தொடங்குகிற இடத்தில் போய்த் தெருவோரமாக நின்றது. மொத்தம் ஆறு நிமிஷம்.

அபிதா கற்பூரத்தை எடுக்க உள்ளே போனாள். வெளியே வந்தபோது கடப்பாரை சத்தம் கேட்டது.

கல்லைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்களுதுங்க" என்று ஓடினாள்.

"தெரியும்மா. ரோட்ல இருக்குதே." அதிகாரி நல்ல மாதிரி மனுஷன், குரலை உயர்த்தவில்லை. மனுவை அவள் பக்கம் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். "நடப்பட்ட அனைத்தும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இத விட்டுட்டுப் போனா நாளைக்கு அவங்க என் மேல மனு குடுப்பாங்க."

அபிதா ஜெகநாதன் சாரைப் பார்த்தாள். சார் தெருவிளக்கைப் பார்த்தார். கல்லை இரண்டு பேர் புரட்டி ஆபீஸ் வண்டியில் ஏற்றினார்கள். வேனுக்குச் சக்கரம் இருந்ததால் அது நகர்ந்துகொண்டது, கல்லுக்கு அந்த வசதி இல்லை. குழியை மண் போட்டு மூடி, அந்த இடத்தைப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வீரபாகு அதிகம் பேசாத ஆள். தறியிலிருந்து எழுந்து வந்து குழியைப் பார்த்தார். "எல்லாத்தையும்னு போடச் சொன்னது நீதானா?" என்றார். அவள் கையிலிருந்த கற்பூரத்தை முந்தானையில் முடிந்தாள். அவர் திரும்பத் தறிக்கே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவளும் எட்டு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போனது.

வியாழன் முழுக்க அலைந்தாள். தெருவிளக்குக் கம்பத்தில் கட்டிக்கொள்ளலாமா என்று சாரிடம் கேட்டாள். மின்கம்பத்தில் கயிறு கட்டுவது எத்தனை பெரிய குற்றம் என்று சார் அரை மணி நேரம் விளக்கினார். வேன்காரர்கள் அதில் நாற்பது நாள் புடவை காயப்போட்டபோது இந்த விளக்கம் எங்கே போயிருந்ததோ. அவரே அப்புறம், கல் நட அனுமதி கேட்டு முறைப்படி ஒரு மனு எழுதலாம், இரண்டு மாதத்தில் பதில் வரும் என்றார். மனு என்ற சொல்லைக் கேட்டதும் அபிதா எழுந்து வந்துவிட்டாள். மரத்தில் கட்டலாமென்றால் மனை போட்டபோது வைத்த வேப்பங்கன்றுகள் இன்னும் இடுப்பளவுதான். பழைய தெருவுக்குப் போன் போட்டாள். அங்கே முறை பதினைந்து நாளைக்கு நிரம்பியிருந்தது. போனை எடுத்தவள், "யாரையும் கெஞ்ச வாணாம்னியே, இன்னாச்சு?" என்று விசாரித்துவிட்டு, பாயசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னாள்.

சாயங்காலம் வீரபாகு தறியைவிட்டு இறங்கினார். பழைய பாவு தீர்ந்துவிட்டிருந்தது. கேட் தூணருகில் நின்று தெருவைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக் கோடு பிடித்தார். பிறகு, "அந்த வண்டி எத்தினி டன் இருக்கும்?" என்றார்.

அபிதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முடியவே முடியாது என்றாள். வேறு வழி இருந்தால் சொல்லு என்றார் அவர். அவள் உள்ளே போனாள், சமையல் மேடையை ஒருமுறை துடைத்தாள், துடைத்த மேடையை இன்னொருமுறை துடைத்தாள், தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தாள். எழுபதடி தூரம் அன்றைக்கு ஏழு கிலோமீட்டராக இருந்தது.

காசியம்மாள் வேன் படியில் உட்கார்ந்து ஒரு மிக்சி ஜாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அபிதா வந்து நின்றதைப் பார்த்தும் தலை நிமிரவில்லை. வாய்க்குள்ளேயே மென்று விழுங்கி ஒருவழியாக விஷயத்தைச் சொன்னாள் அபிதா. நாளைக் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வண்டி இங்கிருந்து அசையக் கூடாது; பின்பக்கத்தில் கயிறு கட்டிக்கொள்கிறோம்; சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்கிறோம்; வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

காசியம்மாள் ஜாரைக் கீழே வைத்தாள். "நேத்து போன்னு எழுதுன கையி. இன்னிக்கி நில்லுன்னு சொல்லுது. நாங்க எதம்மா கேக்கறது?"

"தப்புதாங்க்கா." அந்த ‘அக்கா’ எப்படி வந்தது என்று அபிதாவுக்கே தெரியவில்லை. அதுவரை அவளை ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "வெள்ளிக்கெழம தவறிச்சின்னா பாவு வேற வூட்டுக்குப் போயிடும். அப்புறம் இந்த வூட்ட நாங்க வாங்குனதுக்கே அர்த்தமில்ல."

"ஒங்களுக்குனா வூடு இருக்குது, அர்த்தம் இல்ல. எங்களுக்கு அர்த்தம் இருக்குது, வூடுதான் இல்ல." காசியம்மாள் சிரிக்காமல்தான் சொன்னாள். செய்யாறு பக்கத்தில் இருந்த வாடகை வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள் என்றும், ரிப்பேர் சாமான் வைத்திருப்பவர்களுக்கு யாரும் வீடு விட மாட்டேன் என்கிறார்கள் என்றும், நாற்பது நாளாக யாரும் கேட்காத கதையை இரண்டு வரியில் முடித்தாள். எல்லப்பன் வண்டிக்குள்ளிருந்து, நின்றுவிட்டுத்தான் போவோமே என்றார். அவள் அவரைக் கையமர்த்தினாள்.

"நிக்கிறோம். ஆனா வாயால சொல்றது வாணாம். நாளிக்கு ஒருத்தர் வந்து இங்க ஏன் நிக்கிறன்னு கேட்டா, நீங்க நூல புடிச்சிகினு இருப்பீங்க, நாங்கதான் ஏச்சு வாங்கணும். நீங்க எழுதிக் குடுங்க."

"இன்னான்னு?"

"நீங்க சொல்லித்தான் நிக்கிறோம்னு. மனுவுல போட்ட அதே கையெழுத்தப் போடுங்க."

தீபா வீட்டிலிருந்து ஒரு தாள் வாங்கி வர வேண்டியிருந்தது. எதற்கு என்று கேட்காமல் தாள் கொடுக்கிறவள் இல்லை அவள். அபிதாவின் பின்னாலேயே வந்து நின்று எழுத்துப்பிழையும் திருத்தினாள். ‘இந்த வாகனம் எங்கள் தொழிலுக்குத் தேவைப்படுவதால் எங்கள் வேண்டுகோளின்படி இங்கே நிறுத்தப்பட்டுள்ளது.’ தேதியில்லாமல் போடச் சொன்னாள் காசியம்மாள். அபிதா பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். தேதி போட்டால் ஒரு நாள்தானே செல்லும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. தேதியில்லாமல் முழுப்பெயரைப் போட்டாள். காசியம்மாள் அதை வாங்கி, வேனின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினாள்.

வெள்ளி விடிந்தது. எல்லப்பன் வேனை நகர்த்தி, பின்பக்கம் கேட்டுக்கு நேராக இருக்கும்படி நிறுத்தினார். வீரபாகு கேட்டருகில் நின்று கையை ஆட்டி, இன்னும் கொஞ்சம் இப்படி, போதும் என்று கோடு பிடித்தார். கேட் தூணிலிருந்து வேனின் பின்பக்கம் வரைக்கும் அரக்குச் சிவப்பில் பாவு விறைப்பாக நின்றது. முருகேசன் தட்டிப் பார்த்துவிட்டு, கல்லைவிட இது மேல் என்றார். அபிதாவுக்கு அந்தப் பாராட்டு இனிக்கவில்லை. இரண்டு கையிலும் இழைகளைப் பிரித்துப் பிடித்தபடி பாவின் நடுவில் நின்றாள். அந்த இடத்தை விட்டால் பிரித்ததெல்லாம் சிக்கிக்கொள்ளும்.

ஆறரை மணிக்கு ஜெகநாதன் சார் நடைப்பயிற்சிக்குப் புறப்பட்டார். பாவின் ஓரமாகவே நடந்து வேன் வரைக்கும் போனார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். கேட் தூணின் மேல் வைத்திருந்த அபிதாவின் போன் உடனே ‘டிங்’ என்றது, அப்புறம் நிற்காமல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டேயிருந்தது. அவளுக்குக் கை ஒழியவில்லை.

சார் திரும்பி வந்து அவள் எதிரில், பாவை ஒட்டி நின்றார். கஞ்சி தெளிக்கிறவர் அவரைச் சுற்றிக்கொண்டு போக இடமில்லாமல் கையில் கஞ்சியோடு காத்திருந்தார்.

"அபிதாம்மா, நீங்கதான முதல் கையெழுத்து? இன்னிக்கு இப்படி எழுதிக் குடுத்திருக்கீங்க. சங்கத்துக்கு என்ன மரியாதை? நாளைக்கு அந்த அதிகாரி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஒரு இழை அவள் விரலிலிருந்து நழுவியது. கீழே விழாமல் சுண்டு விரலால் பிடித்தாள். மரியாதையைப் பற்றி அவளுக்கும் சொல்ல நிறைய இருந்தது. மின்கம்பத்தைப் பற்றி இருந்தது, ‘நடப்பட்ட’ என்ற சொல்லைப் பற்றி அதைவிட அதிகமாக இருந்தது. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. வெயில் தீபா வீட்டு மாடியைத் தாண்டிவிட்டது.

"சார், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. வழியில நிக்கிறீங்க."

சார் ஒதுங்கினார். இந்தப் பக்கம் பாவு, அந்தப் பக்கம் கஞ்சி வாளி. ஒதுங்கி ஒதுங்கி வேன் வரைக்கும் போய்விட்டார். படியில் உட்கார்ந்திருந்த காசியம்மாள் அவருக்குக் கொஞ்சம் இடம்விட்டு நகர்ந்துகொண்டு, ஒன்பது மணி வரைக்கும் எங்களாலும் நகர முடியாது, உட்காருங்கள் என்றாள். அவர் உட்காரவில்லை. பாவைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லாமல் அங்கேயே நின்றார்.